கரை ஒதுங்கிய மரக்கட்டைகள்: நேரில் சிற்பம், படத்தில் விறகு. என்ன செய்யலாம்?

ஈரமணல்:

வணக்கம். சென்னையில் இருக்கிறேன். திருவான்மியூரிலிருந்து நீலாங்கரை, கானத்தூர், முட்டுக்காடு என்று கடலோரமாக நடப்பது வழக்கம். ஐப்பசி, கார்த்திகை மழை ஒரு சுற்று அடித்து ஓய்ந்ததும் அடையாறும் முட்டுக்காட்டு முகத்துவாரமும் வாரிக்கொண்டு வரும் குப்பையில் நிறைய மரக்கட்டைகளும் கரையில் ஒதுங்கும், ஆகாயத்தாமரை, தெர்மாகோல், ஒற்றைச் செருப்பு எல்லாவற்றுக்கும் நடுவில். சில கட்டைகளைப் பார்த்தால் நகரவே மனம் வராது. போன வாரம் முட்டுக்காட்டுப் பக்கம் ஒரு வேர்த்தூர் கிடந்தது, பட்டை முழுக்கப் போய் வெள்ளிச் சாம்பல் நிறம், வேர்கள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு நடுவில் ஒரு கருங்கல்லை இறுக்கிப் பிடித்திருந்தன. அந்தக் கல்லை உள்ளே வைத்தபடியே வளர்ந்த வேர் போலிருக்கிறது, அசைத்தாலும் வரவில்லை.

பல கோணத்தில் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் போட்டால் சப்பென்று இருக்கிறது. மணல் வெளுத்துக் கிடக்கிறது, கட்டை ஒரு கருப்புக் குவியல், வேர் எது நிழல் எது என்றே தெரியவில்லை. வீட்டில் காட்டினேன், "அடுப்புக்கு ஆகுமா?" என்று கேட்டார்கள். அதற்கு மேல் விமர்சனம் தேவையில்லை.

கையில் இருப்பது பழைய கேனன் டிஎஸ்எல்ஆர், அதோடு வந்த 18-55 லென்ஸ், அப்புறம் ஒரு நடுத்தர விலை போன். கேட்க நினைப்பது: வெளிச்சம் எப்போது நன்றாக இருக்கும், மேக்ரோ லென்ஸ் இல்லாமல் மர வரிகளை எடுக்க முடியுமா, கருப்பு வெள்ளைதான் இதற்குச் சரியா, கட்டையை நகர்த்தி வைத்து எடுக்கலாமா? ஏற்கெனவே இதில் கை வைத்தவர்கள் சொல்லுங்கள்.

பழையநிக்கான்:

முதலில் மேக்ரோ லென்ஸ் விஷயத்தை முடித்துவிடலாம், வாங்க வேண்டாம். உங்கள் 18-55ஐ 55இல் வைத்து அது ஃபோகஸ் பிடிக்கிற மட்டும் கிட்டே போங்கள். கால் மீட்டர் தூரத்தில் பொருளின் நிஜ அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சென்சாரில் விழும். மர வரிக்கும் வெடிப்புக்கும் அது தாராளம். எறும்பின் கண்ணையா எடுக்கப் போகிறோம்?

இப்போது வெளிச்சம். நீங்கள் எடுத்த நேரத்தைச் சொல்லவில்லை, ஆனால் மணல் வெளுத்து, கட்டை கருத்தது என்றால் எட்டு மணிக்கு மேல் இருக்கும் என்று படுகிறது. அந்த நேரத்தில் வெயில் மேலிருந்து விழுகிறது, மர வரியின் மேட்டிலும் பள்ளத்திலும் ஒரே அளவு வெளிச்சம், அப்புறம் வடிவம் எங்கிருந்து வரும். வெயில் பக்கவாட்டில் தரையோடு தரையாக வர வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு வரியின் மேடும் தன் பள்ளத்தில் நிழல் போடும்.

நம் கிழக்குக் கரையில் ஒரு வசதி, சூரியன் கடலிலிருந்தே எழும்புகிறது, மறைக்க மரமோ மாடியோ கிடையாது. ஆனால் எல்லாரும் செய்வது போலக் கடலைப் பார்த்து நின்றால் கட்டை நிழலுருவம்தான், கடலுக்கு முதுகு காட்டினால் வெளிச்சம் நேரே விழுந்து தட்டையாகிவிடும். கரை நெடுக, வடக்கையோ தெற்கையோ பார்த்து நில்லுங்கள். மார்கழியில் சூரியன் நேர்கிழக்கில் உதிப்பதில்லை, ஏறத்தாழ 24 டிகிரி தெற்கே தள்ளி வருகிறது. அதனால் அந்த மாதத்தில் தெற்கு பார்த்து எடுத்தால் வெளிச்சம் சற்று எதிர்ப்புறமாக இடது பக்கத்திலிருந்து வரும், சொரசொரப்பு அப்படியே எழுந்து நிற்கும். வடக்கு பார்த்தால் அதே கட்டை மென்மையாகத் தெரியும். இரண்டையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நான் சொல்வதை விட அது நன்றாக விளங்கும்.

நேரம் மட்டும் குறைவு. ஐரோப்பியர்கள் எழுதுகிற "கோல்டன் அவர்" (உதயத்தை ஒட்டிய பொன்வெயில் நேரம்) கணக்கை இங்கே நம்பாதீர்கள். நம் ஊரில் சூரியன் செங்குத்தாக ஏறும், உதித்து ஒரு மணி நேரத்தில் 13 டிகிரி மேலே போய்விடும். முதல் முக்கால் மணி நேரம்தான் காசு. ஆகவே முந்தின நாள் சாயங்காலமே போய்க் கட்டையைப் பார்த்து வைத்துவிட்டு வாருங்கள், விடிந்ததும் நேராக அதனிடம் போகலாம். (இன்னொன்று, குப்பத்துப் பெண்கள் விறகுக்கு எடுத்துப் போய்விடுவார்கள். எடுக்கட்டும், அது அவர்கள் கரை. உங்கள் வீட்டில் கேட்ட கேள்வியிலும் தப்பில்லை.)

கருப்புக் குவியலுக்குக் காரணம் கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர். ஃபிரேமில் முக்கால்வாசி வெளுத்த மணல் இருந்தால் கேமரா மொத்தத்தையும் சராசரி பார்த்து இருட்டாக்கிவிடும். ஸ்பாட் மீட்டரிங் (ஒரு சின்ன இடத்தை மட்டும் அளப்பது) போட்டு மரத்தில் வெயில் படும் இடத்தில் அளவு எடுங்கள், அல்லது எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் கூட்டுங்கள், மணல் முழுசாக வெளுக்கிறதா என்று ஹிஸ்டோகிராமில் ஒரு பார்வை. ரா ஃபைலாக (கேமரா பதப்படுத்தாத மூலக்கோப்பு) எடுங்கள். போனில் எடுப்பதானால் மரத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரைப் பூட்டிவிட்டு, எச்டிஆரை அணைத்துவிடுங்கள். போன் நிழலையெல்லாம் தூக்கிவிட்டு "பார், எல்லாம் தெரிகிறது" என்று காட்டும், நமக்கு வேண்டியதே அந்த நிழல்தான்.

கடைசியாக உயரம். கட்டையின் பாதி உயரத்துக்குக் குனிந்து எடுத்தால் அடிவானக் கோடு கட்டையின் நடுவில் அறுத்துக்கொண்டு போகும், அது போதும் எந்தப் படத்தையும் கெடுக்க. ஒன்று, மேலிருந்து பார்த்து முழுக்க மணலையே பின்னணியாக வையுங்கள். இல்லையென்றால் மணலில் படுத்து, கட்டை வானத்துக்கு எதிரே நிற்கும்படி எடுங்கள். லுங்கி கட்டிக்கொண்டு போவது நல்லது.

உளிச்சத்தம்:

மேலே சொன்னது கேமரா பக்கம். நான் மரத்தின் பக்கமிருந்து சொல்கிறேன், நாகப்பட்டினம் பக்கம், தச்சுவேலைக் குடும்பம், படம் எடுப்பது ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம்.

உங்கள் படம் விறகாகத் தெரிவதற்கு வெளிச்சம் பாதிக் காரணம்தான். மீதி, எதைப் படம் எடுக்கிறோம் என்று முடிவு செய்யாமல் மொத்தக் கட்டையையும் எடுப்பது. கட்டை என்ற பொருளை எடுத்தால் விறகுதான் கிடைக்கும். அதன்மேல் ஏதோ ஒன்று வேலை செய்திருக்கிறது, வெயிலா, மணலா, புழுவா, ஆணியா. அந்த வேலையை எடுங்கள். அதற்கு எது செய்த வேலை என்று அடையாளம் தெரிய வேண்டும்.

அந்த வெள்ளிச் சாம்பல் நிறம் வெயிலும் மழையும் செய்வது. மரத்தில் நாரைப் பிடித்து ஒட்டிவைக்கிற லிக்னின் என்ற பொருளைப் புற ஊதாக் கதிர் சிதைத்துவிடும், மழை அதைக் கழுவிக்கொண்டு போகும், வெளிறிய நார் மட்டும் மேலே நிற்கும், அதன்மேல் நுண்ணிய பூசணம் படர்ந்து சாம்பல் ஏறும். இதெல்லாம் மேல்தோலில் மட்டும்தான். உளியால் ஒரு சீவல் எடுத்தால் உள்ளே மரம் பழைய நிறத்திலேயே இருக்கும். வெயிலும் மழையும் மட்டும் தின்றால் பைன் மாதிரி மென்மரமே நூறு வருஷத்தில் சுமார் 6 மில்லிமீட்டர்தான் தேயும் என்று மரநூல்கள் சொல்கின்றன. அப்படியென்றால் கடற்கரைக் கட்டையில் நாம் பார்க்கும் ஆழமான வரிகள்? அது அலையும் மணலும் சேர்ந்து ராவியது. மெதுவான பாகத்தை முதலில் தின்றுவிடும், கெட்டியான பாகம் மேடாக நிற்கும். தேக்குத் துண்டு கிடைத்தால் பாருங்கள், ஆண்டு வளையம் ஒவ்வொன்றும் விரலால் எண்ணலாம் போல எழும்பியிருக்கும். வேம்பில் அவ்வளவு துலக்கமாக வராது.

வெடிப்பும் அப்படியே. மரம் காயும்போது வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளியே போகும் போக்கில் சுருங்குவதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அந்த இழுபறி தாங்காமல்தான் குறுக்குவெட்டு முகத்தில் நடுவிலிருந்து நட்சத்திரமாக வெடிக்கிறது. நீளவாக்கில் பார்த்தால் வெடிப்பு நேராகப் போகாமல் கட்டையைச் சுற்றி முறுக்கிக்கொண்டு போவதைக் கவனித்திருப்பீர்கள், மரம் உயிரோடு இருந்தபோதே நார் அப்படி முறுக்கி வளர்ந்திருக்கிறது. படத்தில் கண்ணை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அழைத்துப் போவது அந்த முறுக்குதான். ஃபிரேமின் மூலையிலிருந்து அதை உள்ளே விடுங்கள்.

இது எதுவும் பனையிலும் தென்னையிலும் கிடையாது. வெளியில் வைரம் (கெட்டியான பாகம்) உள்ளதெல்லாம் புல், உள்ளே வைரம் உள்ளது மரம் என்று தொல்காப்பியத்திலேயே பிரித்து வைத்திருக்கிறார்கள், கடற்கரையில் அந்தப் பிரிவினையை அப்படியே கண்ணால் பார்க்கலாம். வேம்போ புளியோ ஒதுங்கினால் வெளிப்பாகம் கரைந்து நடுவில் வைரக்கட்டை கூராக மிஞ்சும். பனை ஒதுங்கினால் உள்ளே இருந்த மெத்தென்ற சோறு முழுக்க அழுகிப்போய், வெளி ஓடு மட்டும் தொட்டி மாதிரி நிற்கும், முனையில் கருஞ்சிலாம்பு தேய்ந்த துடைப்பமாக விரிந்திருக்கும். கஜா புயலுக்கு (2018 நவம்பர்) அப்புறம் வேதாரண்யம் பக்கம் விழுந்த தென்னைகளின் தூர்கள் நிறையக் கிடந்தன. தென்னைக்கு ஆணிவேர் கிடையாது, எல்லாம் ஒரே தடிமன், சுண்டுவிரல் பருமனில் கற்றை கற்றையாக. அந்தச் சீரை மிகக் கிட்டே போய், தூர் என்றே தெரியாத அளவுக்கு எடுத்தால் நன்றாக வரும்.

அப்புறம் பழைய வள்ளத்துப் பலகை. அதை விட்டுவிடாதீர்கள். இரும்பாணி அடித்த இடத்தைச் சுற்றி நீலக்கருப்பாக ஒரு கறை படர்ந்திருக்கும், மரத்தில் இருக்கும் துவர்ப்புச் சத்தும் இரும்பும் கலந்து உண்டாவது. ஆணி துருப்பிடித்துக் கழன்று போயிருக்கும், ஓட்டை சதுரமாக இருக்கும், கறை மட்டும் நார் போன போக்கில் மேலும் கீழும் நீண்டிருக்கும், பக்கவாட்டில் அவ்வளவாகப் பரவியிருக்காது. என்னிடம் இருக்கும் படங்களில் எனக்குப் பிடித்தது அப்படி ஓர் ஆணி ஓட்டைதான், மொத்தப் பரப்பு உள்ளங்கை அளவு.

ஈரமணல்:

அண்ணா, இரண்டு பேருக்கும் பெரிய நன்றி. உளிச்சத்தம் அண்ணா எழுதியதைப் படித்துவிட்டுப் பழைய படங்களை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன், ஒரு கட்டை முழுக்கப் பென்சில் நுழையும் அளவு ஓட்டைகள், சில ஓட்டைக்குள் சுண்ணாம்பு பூசினது போல வெள்ளையாக ஒரு குழாய். இது என்ன, கரையானா?

உளிச்சத்தம்:

கரையான் இல்லை தம்பி, கப்பல்புழு. பேர்தான் புழு, ஜாதியில் அது சிப்பி வகை. தலைப்பக்கம் இரண்டு சின்ன ஓடுகள் இருக்கும், அதை வைத்து மரத்தை ராவிக்கொண்டே உள்ளே போகும், போகிற வழியில் சுவருக்குச் சுண்ணாம்பு பூசிக்கொண்டு போகும். நீங்கள் பார்த்தது அந்தக் குழாய். உள்ளே நுழைகிற வாசல் ஊசிமுனை அளவுதான், அதனால் வெளியில் கட்டை திடமாகத் தெரியும், அலை அடித்து உடைத்த பிறகுதான் உள்ளே சல்லடை என்று தெரியும். மரக்கலக் காலத்தில் கப்பல்காரனுக்கு இதைவிடப் பெரிய எதிரி கிடையாது.

படம் எடுப்பவர் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. எத்தனை புழு இருந்தாலும் ஒன்றின் சுரங்கம் இன்னொன்றின் சுரங்கத்துக்குள் நுழையாது, கிட்டே வந்ததும் வளைந்து ஒதுங்கிப் போகும். அதனால் உடைந்த முகத்தில் அத்தனை குழாய்களும் நெருக்கியடித்து ஓடும், ஆனால் எங்கேயும் வெட்டிக்கொள்ளாது. பக்கவெளிச்சத்தில் அதைப் பார்த்தால் யாரோ வரைந்தது போலிருக்கும்.

இன்னொன்று, ஆற்றோடு வந்து நேற்றைக்கு ஒதுங்கிய கட்டையில் கப்பல்புழு இருக்காது, அதற்கு உப்புநீர் வேண்டும். குழாய் இருந்தால் அந்தக் கட்டை கடலில் மாதக்கணக்கில் கிடந்தது என்று அர்த்தம். சதைக்காம்பில் வெள்ளைச் சிப்பி தொங்குவது மாதிரி கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தால் அது வாத்துக்கழுத்துப் பார்னக்கிள், மிதக்கும் பொருளில்தான் ஒட்டும், ஆகவே கட்டை ஆழ்கடலில் அலைந்துவிட்டு வந்திருக்கிறது. அது கரையேறிய அன்றே எடுத்துவிடுங்கள், மறுநாள் நாற்றத்தில் பக்கத்தில் நிற்க முடியாது. வடகிழக்குப் பருவத்தில் நம் கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்காக ஓடுகிறது, அதனால் சென்னையில் ஒதுங்குவதெல்லாம் அடையாற்றுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம்.

குடைராட்டினம்:

யாரும் நகர்த்தலாமா என்ற கேள்விக்குப் பதில் சொல்லவில்லையே. நான் நகர்த்துவேன். பக்கத்தில் பால் பாக்கெட்டும் குவார்ட்டர் பாட்டிலும் கிடக்கும்போது கட்டையை நாலடி தள்ளி சுத்தமான மணலில் வைத்து எடுத்தால் எந்த நீதிமன்றம் கேட்கப் போகிறது? மேலே கொஞ்சம் தண்ணீரும் ஊற்றுவேன். காய்ந்த மரம் சாம்பல், நனைந்தால் உள்ளே இருக்கும் தேன் நிறமும் கருஞ்சிவப்பும் மேலே வரும், ஒரு லிட்டர் பாட்டிலில் வேலை முடிந்தது. பளபளப்பு அதிகமானால் போலரைசர் ஃபில்டரைத் திருப்பினால் அடங்கிவிடும்.

பழையநிக்கான்:

பால் பாக்கெட்டை நகர்த்துங்கள், கட்டையை ஏன் நகர்த்துகிறீர்கள்? இரண்டு நாள் கிடந்த கட்டையைச் சுற்றி அலை மணலை ஒரு பக்கம் குவித்து ஒரு பக்கம் பறித்திருக்கும், அந்தப் பள்ளமும் திட்டும் இருந்தால்தான் கட்டை அங்கே உட்கார்ந்திருப்பது போலத் தெரியும். வேறிடத்தில் தூக்கி வைத்தால் கடையில் ஷோகேஸில் வைத்த மாதிரி மணலுக்கு மேலே நிற்கும்.

குடைராட்டினம்:

அது ரசனை, சட்டம் இல்லை.

உளிச்சத்தம்:

ரசனைதான், ஆனால் புரட்டிப்போட்டால் தெரிந்துவிடும். மேல்பக்கம் வெளுத்திருக்கும், மண்ணில் பதிந்த பக்கம் ஈரத்தில் கருத்து, மெத்தென்று இருக்கும். கருத்த பக்கம் வானத்தைப் பார்த்திருந்தால் மரம் பார்த்துப் பழகிய யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம் அடியில் நண்டு குடியிருக்கும். நகர்த்தியே ஆக வேண்டுமென்றால் எடுத்த பிறகு இருந்தபடி வைத்துவிட்டு வாருங்கள். தண்ணீர் ஊற்றுவதைப் பற்றி எனக்குத் தகராறு இல்லை, கடல் செய்வதைத்தானே செய்கிறீர்கள்.

தீவுக்காரன்:

போர்ட் பிளேரிலிருந்து (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) எழுதுகிறேன். கட்டை பார்க்க வேண்டுமென்றால் ஒருமுறை அந்தமான் வாருங்கள், இங்கே ஒதுங்குவது கிளைகள் அல்ல, முழு மரங்கள். ஹாவ்லாக்கில் (இப்போது சுவராஜ் தீவு) எலிஃபண்ட் பீச் பக்கம் வேரோடு சாய்ந்த ராட்சத மரங்கள் கரையிலேயே கிடக்கின்றன, வேர்த்தட்டு மட்டும் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும், வற்றத்தில் அதைச் சுற்றி நடக்கலாம், ஏற்றத்தில் பாதி தண்ணீருக்குள்.

சாய்ந்ததை விட நின்றபடியே செத்த மரங்கள்தான் எனக்குப் பெரிதாகப் படும். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் இந்தத் தீவுக்கூட்டமே ஒரு பக்கம் எழும்பி ஒரு பக்கம் தாழ்ந்தது. வடக்கு அந்தமானில் கரை ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்துவிட்டது, அலையாத்திக் காடுகளுக்கு ஏற்றத்து நீர் எட்டாமல் நின்ற இடத்திலேயே காய்ந்தன, பவளப்பாறை வெளியே வந்து வெளுத்தது. போர்ட் பிளேர் பக்கம் நேர்மாறு, நிலம் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்து, சிப்பிகாட் என்ற ஊரில் வயல்களுக்குள் கடல் வந்து நின்றுவிட்டது. உப்புநீர் வேரில் ஏறி மரங்கள் பட்டுப்போயின. ஒரே காலைப்பொழுது நிலநடுக்கத்தால் ஒரு பக்கத்து மரம் தண்ணீர் இல்லாமலும் இன்னொரு பக்கத்து மரம் தண்ணீராலும் செத்ததற்கு அந்தக் கட்டைகள்தான் சாட்சி. பல இடங்களில் இப்போது விழுந்துவிட்டன, புதிய அலையாத்தி முளைத்துவிட்டது. அழகு என்று எடுக்கும்போதே இங்கிருக்கிற எங்களுக்குக் கொஞ்சம் தயக்கமும் உண்டு, அந்த நாளில் போனவர்கள் மரங்கள் மட்டும் இல்லை.

வருவோருக்கு இரண்டு எச்சரிக்கை. உங்கள் சென்னையில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர் அளவில்தான், இங்கே பெருக்கு நாட்களில் இரண்டு மீட்டர் வரை போகும், மரத்துக்கு அந்தப் பக்கம் நின்று எடுத்துக்கொண்டிருந்தால் திரும்பும் வழி மூடிவிடும். ஓத அட்டவணையைப் பார்க்காமல் போகாதீர்கள், உப்புநீர் முதலைப் பலகை இருக்கும் ஓடைப்பக்கம் படுத்து எடுக்கும் வேலையே வேண்டாம். இரண்டாவது, கட்டையையோ பவளத்தையோ பையில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது, விமான நிலையத்தில் பையைச் சோதிப்பார்கள். கரையொதுங்கிய மரம்கூட 1927 இந்திய வனச் சட்டம் 45ஆம் பிரிவுப்படி, யாராவது உரிமை நிரூபிக்கும் வரை அரசாங்கச் சொத்து. மீன்தொட்டிக்கு அழகாக இருக்கும் என்று எடுத்துப் போக நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

கருப்புவெள்ளை:

கருப்பு வெள்ளை பற்றிய கேள்வி எனக்கென்றே கேட்டது போலிருக்கிறது. இந்த வகைப் படத்துக்கு முன்னோடி என்று எட்வர்ட் வெஸ்டனைச் சொல்லலாம். கலிஃபோர்னியாவில் பாயிண்ட் லோபோஸ் என்ற ஒரே கடற்கரை முனையை 1929இல் எடுக்கத் தொடங்கி 1948 வரை எடுத்துக்கொண்டே இருந்தார், சைப்ரஸ் வேர், கடற்பாசி, பாறை, இவ்வளவுதான். கடைசிப் படமும் அங்கேதான், பார்க்கின்சன் நோயோடு. எட்டுக்குப் பத்து அங்குல ஃபிலிம் தாள், அதே அளவில் பிரிண்ட், பெரிதாக்குவதே கிடையாது. 1932இல் அவரும் நண்பர்களும் சேர்ந்து வைத்த குழுவின் பேரே "எஃப் 64", லென்ஸ் துவாரத்தை அவ்வளவு சிறிதாக்கி முன்னால் இருப்பது முதல் பின்னால் இருப்பது வரை துல்லியமாக எடுப்பார்கள். நீங்கள் அதைக் காப்பியடித்து எஃப் 22 வைக்காதீர்கள். அவர்களுடைய ஃபிலிம் பெரிது, உங்கள் சென்சார் சின்னது, எஃப் 16ஐத் தாண்டினால் சிறு துவாரத்தின் விளிம்பில் ஒளி வளைவதால் (டிஃப்ராக்ஷன்) கூர்மை குறையும். எஃப் 8, எஃப் 11 போதும். மர வரியைத் தட்டையாக எடுக்கும்போது கேமராவின் முதுகு மரப்பரப்புக்கு இணையாக இருக்கட்டும், துவாரத்தைச் சுருக்குவதை விட அது உதவும்.

அவரிடம் கற்க வேண்டியது வெட்டு. ஒரு வேரை எடுத்தால் மரம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று காட்டவே மாட்டார். நம் ஆட்கள் முழுக் கட்டை, பின்னால் கடல், மேலே மேகம், ஓரத்தில் படகு எல்லாம் வேண்டும் என்பார்கள். கல்யாண ஆல்பம் பழக்கம்.

எல்லாவற்றையும் கருப்பு வெள்ளையாக்க வேண்டுமா என்றால், இல்லை. வெள்ளிச் சாம்பல் கட்டையில் நிறமே கிடையாது, நிழலில் எடுத்தால் வானத்து நீலம் அதன்மேல் இறங்கி நீலம் பூத்துத் தெரியும், அதற்குக் கருப்பு வெள்ளை அழகு. உளிச்சத்தம் சொன்ன ஆணிக்கறைப் பலகையை மட்டும் கருப்பு வெள்ளையாக்கினால் படமே போச்சு. நிறம் வேலை செய்கிற இடத்துக்கு நமீபியாவின் டெட்வ்லே என்ற வறண்ட களிமண் வெளியைப் பாருங்கள், இணையம் முழுக்கக் கிடக்கிறது. அறுநூறு, எழுநூறு வருஷம் முன்பு செத்த முள்மரங்கள், அழுகக்கூட ஈரமில்லாமல் வெயிலில் கருகி நிற்கின்றன. விடிகாலையில் பின்னாலிருக்கும் செம்மணல் மேட்டில் வெயில் விழுந்திருக்கும், மரங்கள் இன்னும் நிழலில் இருக்கும், அந்தப் பத்து நிமிஷத்தில் எடுத்த படங்கள்தான் பெயர் வாங்கியவை. பொருளும் பின்னணியும் ஒரே வெளிச்சத்தில் இருக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இன்னொரு சிறு வேண்டுகோள், படத்தைப் போடும்போது கீழே கணியன் பூங்குன்றனாரை இழுக்காதீர்கள். மிதந்து வந்த கட்டை என்றாலே அந்தப் புணை வரியைப் போட்டுப் போட்டு அவருக்கே அலுத்திருக்கும்.

ஈரமணல்:

கணியன் வரியை ஏற்கெனவே டைப் செய்து வைத்திருந்தேன், அழித்துவிட்டேன்! தீவுக்காரன் சார் எழுதியதை இரண்டு முறை படித்தேன், நன்றி.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். இந்த வாரம் முழுக்க மூட்டம் என்று சொல்கிறார்கள், பக்கவெளிச்சம் கிடைக்காது. அந்த வேர்த்தூரை அலை கொண்டு போவதற்குள் எடுத்துவிட வேண்டும், ஃபிளாஷ் அடிக்கலாமா?

பழையநிக்கான்:

கேமரா மேலிருக்கும் ஃபிளாஷ் வேண்டாம், நேரே அடித்து மறுபடி தட்டையாக்கிவிடும். வேர்ப்பின்னலுக்கு மூட்டம் நல்லதுதான், உள்ளே இருக்கும் அந்தக் கல் வரைக்கும் வெளிச்சம் போகும், நேர் வெயிலில் அது இருட்டுப் பொந்தாகிவிடும். தட்டையாகத் தெரிந்தால் ஒரு பெரிய கருங்குடையை விரித்து, கட்டைக்கு ஒரு பக்கத்தில் ஃபிரேமுக்குச் சற்று வெளியே சாய்த்து வையுங்கள். அந்தப் பக்கம் வருகிற வெளிச்சத்தைக் குடை தின்றுவிடும், அங்கே நிழல் கூடி வேர் உருண்டையாக எழும்பும். ட்ரைபாட் இல்லையென்றால் பையை மணலில் வைத்து அதன்மேல் கேமரா, இரண்டு செகண்ட் டைமர், ஐஎஸ்ஓ 100. காற்றடித்தால் குடையைப் பிடிக்க வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டிப் போங்கள்.